அணைத்த பிறகு மூன்று துடிப்பு

அத்தியாயம் நான்கு

செத்துப்போன வண்டியைப் பார்க்க வா என்று கூப்பிட்டால் நான் பூ வாங்கிக்கொண்டு போகிற ஆள். துப்பறியும் தொழிலில் என் தலைவியான ரொசாவ்ரா ஸ்பானரோடு போகிறவர்.

அன்று திங்கட்கிழமை. மத்தியானம் இரண்டு மணிக்கே தல்காவானோ துறைமுகத்தில் பனி இறங்கி, எதிரே நின்ற கப்பல் பாதி காணாமல் போயிருந்தது. மொன்சால்வேயின் மீன் குளிர்கிடங்குக்குப் பின்னால், சுவரோரம், அந்தப் பழைய ஃபோர்க்லிஃப்ட் நின்றது. மஞ்சள் பெயின்ட் உரிந்து, இரண்டு இரும்புக் கொம்புகளும் தரையில் சாய்ந்து கிடந்தன. மறுநாள் காலை எட்டு மணிக்குக் காயலான் கடை லாரி வந்து அதை அள்ளிக்கொண்டு போய்விடும். அதற்குள் அதன் வயிற்றில் இருப்பது எந்த வண்டியின் எஞ்சின் என்று நாங்கள் கண்டுபிடித்தாக வேண்டும்.

கேட்டவள் மிர்த்தா. கிடங்கின் வாசலில் தள்ளுவண்டி போட்டு, பூசணி கலந்த மாவு அடையான சொப்பாய்பியாவைப் பொரித்து விற்கிறவள். நாற்பது வயதிருக்கும். எங்களுக்கு ஃபீஸ் என்று ஆறு சொப்பாய்பியாவை மிளகாய்ச் சட்னியோடு காகிதத்தில் மடித்துக் கொடுத்திருந்தாள். இதுவரை எங்களுக்கு வந்த ஃபீஸிலேயே சூடு ஆறாமல் கைக்கு வந்தது அதுதான்.

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் சொன்னதை அப்படியே தருகிறேன். தோன்யா என்று அவள் கூப்பிடுவது என் தலைவியை; எங்கள் ஊர் 'அம்மா' அது, ஆணுக்குத் 'தோன்'.

"என் தம்பி செகுந்தோ இந்த மொன்சால்வே முதலாளிகிட்டதான் லாரி ஓட்டினான், தோன்யா. பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி மீன்மாவு லோடோட தோமே ஊர்ப்பக்கம் போனவன் திரும்பல. லாரியைத் திருடிக்கிட்டு எல்லை தாண்டி அர்ஜென்டினா போயிட்டான்னு முதலாளி எழுதிக் குடுத்துட்டார். எங்கம்மா திருடனைப் பெத்தவன்னு பேர் வாங்கிட்டுத்தான் கண்ணை மூடினா."

"ஃபோர்க்லிஃப்ட்டுக்கும் அதுக்கும் என்னம்மா?" என்றேன்.

"தம்பி வீட்டுக்கு வந்தா எனக்குத் தெரியும். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைச்சப்புறமும் அந்த லாரி மூணு தடவை துடிக்கும். துக்... துக்... துக். நான் அடுப்புல கெட்டிலை வச்சிடுவேன். மூணாவது துடிப்புக்கும் கதவுக்கும் நடுவுல பத்து அடி தூரம்." எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே பேசினாள். "மூணு வாரத்துக்கு முன்னாடி இந்தச் சனியனை முதலாளியோட இன்னொரு கொட்டகையிலேருந்து இங்க கொண்டாந்தாங்க. சாயங்காலம் டிரைவர் தம்பி வண்டியை அணைச்சான். துக், துக், துக். என் கை தானா கெட்டிலைத் தேடிச்சு. போன புதன் வரைக்கும் தினம் அணைச்சான். தினம் நான் கதவைத் திரும்பிப் பாத்தேன். இங்க ஏது கதவு?"

கையிலிருந்த சொப்பாய்பியாவைக் காகிதத்திலேயே திருப்பி வைத்தேன்.

"இத்தனை வருஷமா தேடினியா?" என்றார் ரொசாவ்ரா.

"போலீஸ், எல்லைச் சாவடி, மருத்துவமனை, எல்லாம் பாத்தாச்சு. இப்ப ஆத்மாக்கள்கிட்டதான் கேக்கறேன். தோமே ரோட்டு வளைவுல பேரில்லாத ஓட்டுநரோட அனிமிதா இருக்கு பாருங்க, ரொம்ப சக்தி. திங்கள்கிழமை தவறாம மெழுகுவத்தி ஏத்தறேன். ஒரே வேண்டுதல்தான். தம்பியைக் காட்டுன்னு."

அந்த அனிமிதாவை எனக்கும் தெரியும். எங்கள் ஊரில் சாலையில் ஒருவன் அகால மரணம் அடைந்தால், உயிர் பிரிந்த அந்த இடத்திலேயே நாய்க்கூண்டு அளவுக்கு ஒரு சின்ன வீடு கட்டிவிடுவார்கள். அதுதான் அனிமிதா. ஆத்மாவுக்கு ஒதுங்க இடம். நன்றிக்கடனாக ஓட்டுநர்கள் வண்டியின் நம்பர் பலகையைக் கழற்றி அங்கே மாட்டுவதும் உண்டு. நான் டாக்ஸி ஓட்டிய காலத்தில் அந்த வளைவில் பிரேக் பிடிக்காமல் போயும் உயிர் பிழைத்தேன். என் பழைய டாக்ஸியின் பலகை இன்றும் அங்கே தொங்குகிறது. இப்போதும் அந்த வழியாகப் போனால் ஹார்ன் அடித்து வணக்கம் சொல்லாமல் போக மாட்டேன்.

சரி, ஃபோர்க்லிஃப்ட்டுக்கு வருவோம்.

அதன் டிரைவர் ஃபெர்மின் முப்பது வயது வாட்டசாட்டமான ஆள். ஆனாலும் வண்டியிலிருந்து நாலடி தள்ளியே நின்றான்.

"கிட்ட வா தம்பி, கடிக்காது" என்றேன்.

"உங்களுக்கென்ன, போயிடுவீங்க. இதுல செத்தவன் குடியிருக்கான்னு கிடங்குல எல்லாரும் சொல்றாங்க. அணைச்சா மூணு தடவை உள்ளேருந்து தட்டறான்." சிலுவை போட்டுக்கொண்டான்.

"பெட்ரோல் எஞ்சின் உள்ளே கரி பிடிச்சா அணைச்சப்புறமும் ரெண்டு மூணு தடவை எரியும்" என்றார் ரொசாவ்ரா, எஞ்சினுக்குள் தலையை விட்டபடி. "இது பேய் இல்லப்பா. கரி."

"கரின்னா எண்ணி மூணு தடவைதான் எரியுமா, தோன்யா?"

தலைவி எஞ்சினுக்குள் இன்னும் குனிந்தார். முப்பது வருடம் உதிரி பாகக் கடையில் வேலை பார்த்தவர், அந்த மூன்றை மட்டும் கரியின் கணக்கில் எழுதவில்லை.

போன புதன்கிழமை எஞ்சின் சூடேறி, ஹெட் கேஸ்கெட் கருகிப் போயிருக்கிறது. தலைமூடிக்கும் அடிக்கட்டைக்கும் நடுவே தண்ணீரும் எண்ணெயும் கலக்காமல் காக்கும் தகடு அது. ரிப்பேர் செய் என்றுதான் முதலாளியும் சொல்லியிருக்கிறார். ஃபெர்மின் தலைமூடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேஸ்கெட் வாங்க அனுமதி கேட்கப் போனவன், கேட்ட வாயோடு இன்னொன்றையும் கேட்டுவிட்டான்.

"வாசல்ல சொப்பாய்பியா விக்கிற அக்கா, இது யாரோட எஞ்சின்னு கேட்டாங்க முதலாளின்னேன். அவ்வளவுதான். முகம் சுண்ணாம்பாட்டம் வெளுத்துப்போச்சு. மறுநாளே காயலானுக்குப் போட்டுட்டார்."

"ஒரு கேள்விக்குப் பயந்து வண்டியையே விக்கிறார்" என்றேன். "என் முதலாளி என் சம்பளக் கேள்விக்கு அப்படிப் பயந்தா நல்லாயிருக்கும்."

"வாயை மூடிட்டு அந்த ஸ்பானரைக் குடு" என்றார் என் முதலாளி.

கொடுத்தேன். பதிமூன்று மில்லிமீட்டர். போல்ட்டில் மாட்டினார், சரியாகப் பிடிக்காமல் ஆடியது. அரை இன்ச் ஸ்பானரைக் கேட்டார். அது கச்சிதமாகப் பிடித்தது.

"வண்டி ஜப்பான்காரன். அவன் மில்லிமீட்டர்ல பிறந்தவன். எஞ்சின் இன்ச்சுல பிறந்திருக்கு. பாரு, நாலு சிலிண்டர் இருக்க வேண்டிய இடத்துல ஆறு. அது நுழையறதுக்காகத் தரைத்தகட்டை வெட்டி, சீட்டைப் பின்னாடி தள்ளியிருக்காங்க."

"அதான் பெடல் எட்டாம நான் முதுகு வலியோட அலையறேனா!" என்றான் ஃபெர்மின். "நான் என் காலுதான் குட்டைன்னு நினைச்சேன்."

"உன் கால்ல குறையில்ல. இது லாரி எஞ்சின். அமெரிக்காக்காரன். அறுபதுகள்ல வந்தது."

மிர்த்தா கொடுத்திருந்த மடித்த தாளை எடுத்தேன். தம்பியின் லாரிப் பதிவுத் தாளின் நகல். அமெரிக்க லாரி, ஆறு சிலிண்டர். எஞ்சின் எண்ணின் கடைசி நாலு இலக்கம் 7103.

"எண் எங்கே தலைவி?"

அவர் டார்ச்சைக் காட்டினார். எஞ்சின் பக்கவாட்டில் எண் பொறிக்கும் மேடை கிரைண்டரால் தேய்க்கப்பட்டுக் குழியாகிக் கிடந்தது. பக்கத்திலேயே ஒரு விரல் நீளத்துக்கு நாலு சின்னத் துளைகள்.

"இங்க ஒரு பித்தளைத் தகடு இருந்திருக்கு. அதுலயும் அதே எண் இருக்கும். ரெண்டையும் பாத்து ஏதாவது தோணுதா?"

"ரெண்டும் இல்லைன்னு தோணுது."

"மடையா. எண்ணை எப்படி அழிச்சிருக்கான்? கிரைண்டரை வச்சு அவசர அவசரமா, கையெல்லாம் நடுங்க. தகட்டை எடுக்கணும்னா உளியை வச்சு ஒரே தட்டு, பிய்ஞ்சு வந்துடும். ஆனா இந்தத் துளைகளைப் பாரு. ஒவ்வொரு ரிவிட்டையும் நடுவுல துளை போட்டு, தகடு வளையாம பதமா எடுத்திருக்கான். தூக்கி எறியப் போறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான். தகட்டை எங்கேயோ பத்திரமா வச்சிருக்கான்."

அப்படியே குனிந்து அடிக்கட்டையின் முகத்தைத் துணியால் துடைத்தார். மூன்றாவது சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் நடுவே இருந்த தண்ணீர்த் துளை ஒன்றில் பித்தளை அடைப்பு. எப்போதோ விழுந்த விரிசலுக்கு யாரோ கைவேலையாகச் செய்த வைத்தியம். தலைமூடியைக் கழற்றினால் ஒழியக் கண்ணில் படாது.

"கேஸ்கெட் வாங்கப் போலாம்" என்றார்.

"வண்டியே காயலானுக்குப் போகுது!"

"இந்த வயசு எஞ்சினுக்கு இந்த ஊர்ல கேஸ்கெட் கிடைக்கிற கடை ஒண்ணே ஒண்ணு. இதுக்கு வைத்தியம் பாத்தவன் எவனாயிருந்தாலும் அந்தக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஓனோஃப்ரேயின் கடை கொலோன் தெருக் கோடியில். மேற்கூரை வரை பழைய பாகங்கள். அவருக்கு எழுபது வயது, ஒல்லி உடம்பு, நகக்கண்ணில் நிரந்தரக் கறுப்பு. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பாக்கெட் மெழுகுவத்தியும் தீப்பெட்டியும் இருந்தன. கரண்டு போகிற ஊர்தானே என்று நான் கண்டுகொள்ளவில்லை. தலைவி இரண்டு தரம் பார்த்தார்.

"ஃபோர்க்லிஃப்ட்டுக்கு ஹெட் கேஸ்கெட் வேணும், தோன் ஓனோஃப்ரே."

"என்ன எஞ்சின்?"

"ஆறு சிலிண்டர். அரை இன்ச் போல்ட். பெட்ரோல்."

"அது லாரி எஞ்சினாச்சே. ஃபோர்க்லிஃப்ட்ல அதுக்கென்ன வேலை?"

"அதை மொன்சால்வே கம்பெனியைத்தான் கேக்கணும். நீங்க அங்க வேலை பாத்திருக்கீங்களா?"

பெரியவரின் கை ஒரு நொடி நின்றது. "அந்த வாசலை நான் மிதிச்சதே இல்ல."

ஏணியில் ஏறி ஒரு கேஸ்கெட்டை எடுத்து, தூசு தட்டி, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். தலைவி வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டார். கேஸ்கெட் வாங்கியதோடு கேஸ் முடிந்தது என்று நான் கார் சாவியைத் துழாவினேன்.

"அப்ப நாளைக்குக் காலைல இதை மாட்டி ஓட்டிப் பாத்துடலாம்" என்றார் ரொசாவ்ரா என்னிடம், கடைக்குள் கேட்கும்படி. "ஃபெர்மின் ஏறி உக்காரட்டும். பாரம் தூக்கி ஒரு சுத்து சுத்தினா தெரிஞ்சுடும்."

"நில்லுங்க."

திரும்பினோம். பெரியவர் கல்லாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அதை அப்படியே மாட்டாதீங்க. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்கிற தண்ணித் துளைக்கு நேரா கேஸ்கெட்டையும் அடைக்கணும். பித்தளைத் துண்டு வச்சு. இல்லேன்னா சிலிண்டருக்குள்ள தண்ணி இறங்கி..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

"நான் துளையைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே" என்றார் தலைவி, மெதுவாக.

பொய் சொல்ல நாக்கு பழகிவிடும். தவறான பாகம் வண்டிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கத் தொழில்காரனுக்குப் பழகாது. என் தலைவி வீசிய தூண்டில் அதுதான்.

"அந்த அடைப்பு நீங்க போட்டது."

"ஆமா. லாரியில இருந்தப்பவே போட்டேன்." அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "அந்தப் பையன் செகுந்தோ பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டிருந்தான். இனிமே ஆயுசுக்கும் ஓடும்டான்னேன்."

"தகடு எங்கே, தோன் ஓனோஃப்ரே?"

"அது அவன்கிட்ட இருக்கு."

கார் சாவியைப் பையில் திருப்பிப் போட்டேன். "யார்கிட்ட?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மெழுகுவத்திப் பாக்கெட்டையும் தீப்பெட்டியையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு தொப்பியை எடுத்தார். "இன்னிக்குத் திங்கள். எப்படியும் நான் போகணும். வாங்க."

பெரியவரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். லிர்கேன் தாண்டியதும் கடல் பக்கமிருந்து பனி சாலைக்கு ஏறி வந்தது. அந்த வளைவில் என் கை தானாக ஹார்னை அடித்தது.

"இங்கதான் நிறுத்துங்க" என்றார் ஓனோஃப்ரே.

ரொசாவ்ரா என் பக்கம் திரும்பினார். "நிபால்தோ, நீ இந்த ரோட்டுல பதினெட்டு வருஷம் டாக்ஸி ஓட்டினவன். இந்த வளைவுல யார் செத்தது?"

யோசித்தேன். செத்தவர் பேர் தெரியாது. தேதி தெரியாது. விபத்தைப் பார்த்ததாக ஒரு டிரைவர் கூடச் சொன்னதில்லை. "ஒரு நாள் பாத்தா வீடு இருந்தது. பன்னெண்டு வருஷம் இருக்கும். கும்பிட ஆரம்பிச்சோம்."

"வீடு இருக்கு. சாவு இல்ல. உயிர் போகாத இடத்துல எவனாவது அனிமிதா கட்டுவானா?"

எத்தனை வருடம், எத்தனை டிரைவர்கள். ஒருவருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. ஆத்மாவிடம் வரம் கேட்கத் தெரிந்த நாங்கள் ஊர் பேர் கேட்கவில்லை. நினைக்க வெட்கமாக இருந்தது.

"ராத்திரியோட ராத்திரியா மறைச்சாச்சு" என்றார் பெரியவர். "பிரேக் சரியில்லைன்னு மொன்சால்வேகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். லோடு போகணும்னு அனுப்பிட்டார். லாரி இந்த வளைவுல உருண்டு, பையன் போயிட்டான். விடியறதுக்குள்ள என்னையும் கிரேனையும் கூட்டிட்டு வந்தார். லாரியைத் தூக்கினோம். பையனை... கீழயே புதைச்சோம். வெளில சொன்னா நீயும் உள்ள போவேன்னார். லாரியை உடைச்சுக் கடல்ல போடச் சொன்னார். எண்ணை அழிக்கறப்ப பக்கத்துலயே நின்னார். தகட்டை நான் முந்தின நாளே எடுத்துட்டேன். நல்ல எஞ்சினைக் கடல்ல போட மனசு வரல, எஞ்சின் இல்லாம கிடந்த ஃபோர்க்லிஃப்ட்ல ஏத்தினேன். அப்ப அது அவருக்கே தெரியாது. ஆனா அவனுக்கு ஒரு வீடு கட்டாம என்னால தூங்க முடியல. பேர் எழுதப் பயம். அதான் தகட்டை வச்சேன்."

காரை விட்டு இறங்கினோம். பனிக்குள் ஒரு சின்ன வெளிச்சம் ஆடியது. அனிமிதாவுக்கு முன்னால் யாரோ மண்டியிட்டிருந்தார்கள்.

மிர்த்தா.

திங்கட்கிழமை தவறமாட்டேன் என்று அவள் சொன்னது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களைக் கண்டு எழுந்தாள். முதலில் அவள் சிரித்தது எங்களைப் பார்த்து அல்ல.

"ஐயா, இன்னிக்கு லேட்டா வந்துட்டீங்க! என் குச்சியெல்லாம் நமத்துப்போச்சு, கடைசிக் குச்சில ஏத்தினேன்." பிறகு எங்களிடம், "இவரை உங்களுக்குத் தெரியுமா? பேர் கேட்டதில்ல. பத்து வருஷமா திங்கள்கிழமை பாத்துக்கறோம். தீப்பெட்டி குடுப்பார்."

ஓனோஃப்ரே தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார்.

சின்ன வீட்டின் உள்சுவர் முழுக்க நம்பர் பலகைகள். என்னுடையதும் இருந்தது. நடுவில் பிளாஸ்டிக் உறையில் ஓர் இளைஞனின் புகைப்படம். மிர்த்தா மாட்டியது. யாரைத் தேட வேண்டும் என்று ஆத்மாவுக்கு அடையாளம் காட்டத்தான்.

"அந்தப் படத்தைக் கொஞ்சம் எடுக்கலாமாம்மா?" என்றார் ரொசாவ்ரா. அவர் யாரிடமும் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை.

படத்துக்குப் பின்னால் விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு தகடு. மெழுகுப் புகை படிந்து படிந்து மரத்தோடு மரமாகியிருந்தது. நான் கைக்குட்டையால் தேய்த்தேன். பித்தளை மெல்ல மஞ்சளாக எட்டிப் பார்த்தது. எண்ணின் கடைசி நாலு இலக்கத்தில் முதலில் ஏழு. பிறகு ஒன்று. மேலே தேய்க்கக் கை வரவில்லை. மிர்த்தாவே என் கையிலிருந்து துணியை வாங்கித் தேய்த்தாள். பூஜ்யம். மூன்று.

அந்த எண்ணை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். விரல் கறுப்பானது. பன்னிரண்டு வருடக் கரி, பாதிக்கு மேல் அவள் ஏற்றிய மெழுகுவத்தியின் கரி.

"செகுந்தோவைக் காட்டுன்னு..." என்றாள். "இவன்கிட்டயே இவனைக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேனா?"

கீழே கடல் சத்தம் போட்டது.

"எங்கே?" என்று கேட்டாள், பெரியவரை நேராகப் பார்த்து. எங்களோடு வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பவர் ஏன் வந்தார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஓனோஃப்ரே சரிவில் கை காட்டினார். பத்து அடி கீழே மூன்று கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன.

"பத்து அடி" என்றாள் மிர்த்தா. அழுதாள். சத்தமில்லாமல், வெகுநேரம்.

தலைவி அவளைத் தொடவில்லை, தேற்றவில்லை. என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில் சொன்னார். "லிர்கேன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போ. காலைல காயலான் லாரிக்கு முன்னாடி போலீஸ் வண்டி அந்த ஃபோர்க்லிஃப்ட் பக்கத்துல நிக்கணும். மொன்சால்வே வீட்டு வாசல்லயும் ஒண்ணு. பெரியவர் எங்கயும் ஓட மாட்டார். ஓடறதா இருந்தா திங்கள்கிழமை திங்கள்கிழமை இங்க வந்திருக்க மாட்டார்."

நான் காரை நோக்கி நடந்தேன். கதவைத் திறக்கும்போது காற்று வீசி, மிர்த்தாவின் மெழுகுவத்தி அணைந்துவிட்டது. பழக்கதோஷத்தில் ஓனோஃப்ரே பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார். பத்து வருடமாக நீட்டிய அதே கை. நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது.

மிர்த்தா அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தாள். வாங்கவில்லை.

"வேணாம். அதை நீங்களே வச்சுக்குங்க, ஐயா" என்றாள். "நாளையிலேருந்து இவனுக்குப் பேர் இருக்கு. நெருப்பை வீட்டுலேருந்தே கொண்டாந்துக்கறேன்."

காரை ஓட்டிக்கொண்டு போய் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பினேன். என் கார் ஒரே அடியாக அணைந்தது. அப்படியும் நான் இறங்காமல், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.